கட்டெறும்பு ஞானியான கதை

கண்டக்டர் ஞானியாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது டிரைவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். செய்தியைக் கொண்டுவந்தது அவர் மனைவி. பிளேடு கன்னத்தில் லேசாக இழுத்துவிட்டது.

"எந்தக் கண்டக்டரு?"

"உங்க கண்டக்டர்தான். பக்கத்து வீட்டு அண்ணன். தெரு முழுக்க இதே பேச்சு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தினம் காலையில வந்து அவரு எதிர்ல உக்காந்துட்டுப் போறாராம். அண்ணன் வாயே தெறக்கறதில்லயாம். பாத்தாலே மனசு அடங்குதாம்."

"அவனைப் பாத்தா?"

"ஒரு மனுஷன் திருந்தினா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். கண்டக்டரைப் பற்றி எதைச் சொன்னாலும் அவர் நம்பத் தயாராக இருந்தார். போலீஸ்காரரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார் என்றால் காரணம்கூடக் கேட்காமல் நம்புவார். ஞானம் மட்டும் தொண்டையில் சிக்கியது.

இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டிப்போவுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் அடுத்தடுத்த இரண்டில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காரை உதிரும். உதிர்ந்த காரையை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு கண்டக்டர் வாசலுக்கு வருவார். அப்புறம் ஒரு வாரத்திற்குத் தெருவுக்குப் பொழுதுபோக்குக் குறை இருக்காது.

பயணிகள் அவருக்கு வைத்த பெயர் கட்டெறும்பு. ஒல்லியான மனிதர். எந்தக் கூட்டத்திலும் எந்த இடுக்கிலும் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவார். வருகிற வழியில் நாலு பேரைக் கடித்துவிட்டு வருவார். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் கூடையில் சேவலோடு ஏறி, சேவலுக்கு டிக்கெட் எடுக்க முடியாது என்று அதட்டினார். கண்டக்டர் தன் கைக்காசைப் போட்டுச் சேவலுக்கு டிக்கெட் கிழித்தார். பிறகு அந்தப் பெரிய மனிதரை எழுந்திருக்கச் சொன்னார். "டிக்கெட் எடுத்தவங்க ரெண்டு பேரு, சீட்டு ஒண்ணு. உங்க ரெண்டு பேர்ல பாத்தா அதுதான் கொஞ்சம் பெரிய மனுஷன் மாதிரி தெரியுது." கடைசி நிறுத்தம் வரைக்கும் சேவல் உட்கார்ந்து வந்தது.

டிரைவருக்கோ அவர் முகத்தைப் பார்த்த நினைவே குறைவு. வேலை அப்படி. டிரைவரின் கண் சாலையில் இருக்கும். கண்டக்டர் என்பவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், ஒரு விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. ஊதுகிற அழுத்தத்தை வைத்தே கண்டக்டர் சாப்பிட்டாரா, பட்டினியா என்று டிரைவர் சொல்லிவிடுவார். கடைசி டிரிப்பில் வண்டி காலியானதும் கண்டக்டர் முன்னால் வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். மகன் பிறந்ததை டிரைவரின் பிடரியிடம்தான் முதலில் சொன்னார். அம்மா செத்ததையும் பிடரியிடம்தான் சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் வண்டி வாய்க்காலில் நிற்கும். "ம்" என்பார். கியர் மாற்றுவார். அவ்வளவுதான் ஆறுதல்.

ஓய்வு பெற்றதும், டிப்போவின் பழைய சாமான் குவியலிலிருந்து இரண்டு பேர் உட்காரும் பஸ் சீட் ஒன்றை இழுத்துவந்து இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வாசலில் போட்டார்கள். ரெக்சின் கிழிந்து நார் எட்டிப் பார்க்கும். அதில் அக்கம்பக்கமாக உட்கார்ந்ததுமே சண்டை வந்துவிடும். முகம் பார்த்துப் பேசுவதற்கு இருவருக்கும் வேறு எதுவும் தெரியாது.

சண்டைகளுக்கெல்லாம் தாய்ச்சண்டை ஒன்று உண்டு. ஒரு மழைநாளில், பாதி வழியில், பின் சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று பார்க்கக் கண்டக்டர் இறங்கினார். வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. கண்டக்டர் இல்லாத வண்டியில் பயணிகள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. யார் திறப்பார்கள்? வெகுதூரம் போன பிறகு, பின்னால் வந்த குப்பை லாரியிலிருந்து டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்தபடி கண்டக்டர் குதித்தார். "ரெண்டு விசில் கேட்டுச்சு, எடுத்தேன்" என்றார் டிரைவர். "நான் விசிலே குடுக்கல" என்றார் கண்டக்டர். மேலதிகாரி விசாரித்தார், இருவர் சொல்வதும் பொய் என்று முடிவு செய்து இருவருக்கும் தண்டனை கொடுத்தார். விசாரணை அதோடு முடிந்தது. சண்டை முடியவில்லை. இரண்டு பேருக்கும் பல் விழுந்து முடி நரைத்தது. அந்தச் சண்டை மட்டும் கல்யாண வயதிலேயே இருந்தது.

மனைவி இறந்த வருடம்கூடக் கண்டக்டர் கடிப்பதைக் குறைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தியதற்கு வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அந்த வாய் எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. சொட்டுகிற குழாய் எல்லோருக்கும் தெரியும். அது சொட்டுவதை நிறுத்திய நேரம் யாருக்குத் தெரியும்?

டிரைவர் வாசலுக்குப் போனார். பஸ் சீட்டின் ஓரத்தில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடி. சட்டைப் பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஹெட்மாஸ்டர் கண்ணை மூடியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா கோலம் இது? பிளேடுக்குப் பஞ்சமா?"

கண்டக்டர் மெல்லத் தலையைத் திருப்பினார். "வந்துட்டியா" என்றார். மறுபடி சுவருக்குப் போய்விட்டார்.

"டிரைவர், சத்தம் போடாதீங்க" என்றார் ஹெட்மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே. "இந்த நிலை சாதாரணமா வராது. நான் ஆயுசு பூரா இதைப் பத்திப் படிச்சிருக்கேன், எனக்கே வரல. பற்று அறுந்துட்டா பேச்சு அறுந்துடும். ஆசை போயிடும்."

"பசியும் போயிருக்கே சார். கழுத்தெலும்பைப் பாருங்க, சட்டை மாட்டலாம் போல இருக்கு."

"உடம்பு மேல இருக்கற பற்றும் போகணும் இல்லையா?"

டிரைவருக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் அப்படியொன்றும் கடினமானதல்ல. கையிலிருந்ததை இறக்கி வைத்தவனும், கையிலிருந்து எல்லாம் நழுவிப் போனவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி வெறுங்கையோடுதான் நிற்பார்கள். நிறையப் படித்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். முகம் அதற்கு மேலேதான் இருக்கிறது, பார்ப்பதில்லை.

தெருவுக்கு இந்த ஞானியால் நல்ல லாபம். பொதுத் தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று அடித்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் பஞ்சாயத்துக்கு அவரிடம் வந்தன. கண்டக்டர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கும் வெட்கம் வந்து வீட்டுக்குப் போய்விட்டன. தெரு அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டது. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன ஒருவன் அவர் முன்னால் நின்றுவிட்டுப் போனான், வேலை கிடைத்தது. அதேபோல நின்றுவிட்டுப் போய் வேலை கிடைக்காதவர்களைப் பற்றித் தெரு ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கண்டக்டரின் மருமகளிடம் டிரைவர் விசாரித்தார். அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்பத்தான் பெரியப்பா மூச்சு விட முடியுது. உப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி, ஃபேனை ஏன் போட்ட, ஃபேனை ஏன் நிறுத்தின... ஒண்ணும் இல்ல. வெச்சதைச் சாப்பிடறாரு."

"முழுசா சாப்பிடறானா?"

துணி மடித்த கை நின்றது. "பாதிதான். அப்புறம் தட்டுல கையை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நான் வந்து கையைக் கழுவுங்க மாமான்னு சொல்லணும். குளிக்கறதும் சொன்னாத்தான்." கொஞ்சம் தயங்கி, "வயசாச்சு இல்ல?" என்று கேட்டாள். அது கேள்வியாகத்தான் இருந்தது. ஆமாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் கொஞ்ச நாளாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

டிரைவருக்கும் அதே வயதுதான். அதனால் ஆமாம் என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொல்வதானால் டிரைவரை அப்போது உறுத்தியது கருணை அல்ல. அவர் காலைகள் காலியாகிவிட்டன. எழுந்தால் திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் ஆள் இல்லை. ஆகவே கட்டெறும்புப் புற்றில் குச்சியை விட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ரேடியோவைப் பொதுச் சுவரில் சாய்த்துவைத்து முழுச் சத்தத்தில் போட்டார். சுவரில் ஆணி அடித்தார்.

"எதுக்கு இத்தனை ஆணி?" என்று கேட்டாள் மனைவி.

"மாட்டறதுக்கு."

"என்னத்தை?"

"வாங்கணும்."

அந்தப் பக்கம் காரை உதிர்ந்த சத்தம் நன்றாகவே கேட்டது. தட்டோடு யாரும் வரவில்லை. மருமகள் பெருக்கும் சத்தம்தான் வந்தது. மறுநாள், பஸ் சீட்டில் கண்டக்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவர் உட்கார்ந்தார். அந்த ஓரத்துக்காக முன்பு நடந்த சண்டையில் ஒரு குடை முறிந்திருக்கிறது. கண்டக்டர் வந்தார், மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

கடைசியாக டிரைவர் தாய்ச்சண்டையை எடுத்தார்.

"யோவ். அன்னைக்கு மழையில விசில் குடுத்தது நீதான்."

"இருக்கும்" என்றார் கண்டக்டர்.

"என்ன இருக்கும்?"

"நான்தான் குடுத்திருப்பேன். விடு."

ஆக, டிரைவர் ஜெயித்துவிட்டார். வேலையில் பாதி ஆயுளும் ஓய்வில் மீதியும் நடத்திய வழக்கில் எதிராளி ஒரே வார்த்தையில் கையைத் தூக்கிவிட்டான். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது, கால் எதிலும் முட்டாமல் தரை வரைக்கும் போன மாதிரி இருந்தது. இந்த ஆள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். பிடித்து நிறுத்தாவிட்டால் போயே விடுவான். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

பிரஷர் மாத்திரை வாங்கப் பக்கத்திலிருக்கும் சின்ன இலவச ஆஸ்பத்திரிக்கு அவர் போனபோது நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எகிறிக் கெடக்கு. யார்கிட்ட ஐயா சண்டை போட்டீங்க?"

"சண்டை போட முடியலம்மா. அதான் எகிறிடுச்சு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் பட்டையை அவிழ்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது ஞானமும் இல்ல, வயசும் இல்ல ஐயா. மனச்சோர்வுன்னு ஒரு நோய்."

"சோர்வா? தூங்கி எழுந்தா போயிடாதா?"

"சர்க்கரை நோய் தூங்கி எழுந்தா போகுதா? அந்த மாதிரிதான். வைத்தியம் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில அதுக்குன்னு டாக்டர் இருக்காங்க. தள்ளிப் போடாதீங்க."

கண்டக்டரின் மகன் டயர் கடையில் வேலை செய்தான். டிரைவர் விஷயத்தை எடுத்ததும் கையிலிருந்த கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"எங்கப்பாவைப் பைத்தியம்னு சொல்றீங்களா பெரியப்பா?"

"பைத்தியம்னு யாருடா சொன்னா? நோய்னு சொல்றேன்."

"நாலு பேர் மரியாதையா வந்து எதிர்ல உக்காந்துட்டுப் போறாங்க. இத்தனை வருஷத்துல அவரு மேல யாரும் புகார் சொல்லாத வருஷம் இதுதான். உங்களுக்குப் பொறுக்கல. வயசானா மனுஷன் அமைதியாத்தான் ஆவான்."

"நான் ஆகலியே?"

"அது பெரியம்மா தலையெழுத்து."

முறையாகக் கேட்டு நடக்கவில்லை என்று தெரிந்ததும் டிரைவர் பொய்யில் இறங்கினார். தனக்குத் தலை சுற்றுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றார். பழைய கட்டெறும்பாக இருந்தால், சுற்றுவதற்கு அங்கே தலை என்று ஏதாவது இருக்க வேண்டுமே என்று கேட்டிருப்பார். கண்டக்டர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எது சொன்னாலும் செய்கிற நிலையில் இருந்தார். போகும் பஸ்ஸில் ஒருவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தான். டிரைவர் கண்டக்டரையே பார்த்தார். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்ததையும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சீட்டு எழுதும் இடத்தில் நோயாளி யார் என்று கேட்டார்கள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், நான்தான் என்றார் டிரைவர். எனவே டாக்டர் அவரைத்தான் உட்காரச் சொன்னார். சின்ன வயதுப் பெண். மேசையில் டீ ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவருக்குத்தான்."

டாக்டர் முகத்தில் சலிப்பே இல்லை. "சரி. இங்க வர்ற நிறைய பேரு கூட வந்தவருக்குத்தான்னு சொல்லுவாங்க. பரவாயில்ல. தூக்கம் வருதா?"

"எங்கம்மா வருது? இவனை நெனச்சா எப்படி வரும்?"

"சாப்பாடு?"

"ரெண்டு நாளா இறங்கல."

"கோபம், எரிச்சல்?"

"நெறைய இருக்கும்மா. அது எனக்குப் பொறந்ததுல இருந்து இருக்கு. கோபம் காணாமப் போனது இவனுக்கு!"

கண்டக்டர் பக்கத்து நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். "நல்லாப் பாருங்க டாக்டர்" என்றார் மெதுவாக. "பாவம்."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரி நாற்காலியைக் கண்டக்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஐயா, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"தூக்கம்?"

"ஏதோ வருதுங்க."

"மனசுல கவலை?"

"அதெல்லாம் இல்லைங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் டாக்டர், டிரைவரிடம்.

டிரைவர் எழுந்து கதவருகே போனார். கைப்பிடி இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. கதவில், சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபடி கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்தது.

"யோவ் டிரைவரே."

சன்னமான குரல். பட்டினிக் குரல். ஆனால் அதுதான். டிரைவர் தலையைத் திருப்பப் போனார்.

"திரும்பாதீங்க" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில்.

"போயிடாதய்யா" என்றார் கண்டக்டர் அந்த முதுகிடம். "காலையில கண்ணைத் தொறந்தா, ஐயோ இன்னைக்கு ஒரு நாள் முழுசா கெடக்குதேன்னு இருக்கு. அதை எங்க கொண்டு போய்ப் போடறதுன்னு தெரியல. சோறு வாய்க்குள்ள இருக்கு, முழுங்கணும்னு ஞாபகம் வரல. யார் யாரோ வந்து எதிர்ல உக்கார்றாங்க. எதுக்குன்னு கேக்கத் தெம்பு இல்ல. ஹெட்மாஸ்டரு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு, நான் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல."

"ம்" என்றார் டிரைவர், கை கழுவும் படத்தைப் பார்த்து.

"அவ போனப்பகூட இப்படி இல்ல. அழுதேன், கத்தினேன். இப்ப அழுகையும் வரல. வண்டி நின்னுடுச்சுய்யா. ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல. நிறுத்தச் சொல்லி யாரு விசில் குடுத்தாங்கன்னும் தெரியல."

டாக்டர் பேனாவைத் தொடவே இல்லை. "செத்துடலாம்னு தோணுதான்னு கேளுங்க. கேக்கறதால தப்பு ஒண்ணும் வராது. நேராவே கேளுங்க."

டிரைவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "யோவ். செத்துடலாம்னு தோணுதா?"

பின்னால் நாற்காலி லேசாக நகர்ந்தது.

"நானா எதுவும் செஞ்சுக்க மாட்டேன். ஆனா படுக்கறப்ப, காலையில முழிக்காமப் போனா தேவலைன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தினமும் படுக்கறேன்."

இந்த இடத்தில் பழக்கப்படி டிரைவர் கியர் மாற்ற வேண்டும். கையில் கதவுக் கைப்பிடிதான் இருந்தது. அதை மாற்றினார். அது கழன்று கையோடு வந்துவிட்டது.

அதன் பிறகு டாக்டர் நெடுநேரம் கண்டக்டரோடு பேசினார். டிரைவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கைப்பிடியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வயதானவர்களுக்கு இது நிறைய வருகிறது என்றார் டாக்டர். வீட்டில் வயசு என்கிறார்கள், வெளியில் பக்குவம் என்கிறார்கள், யாரும் நோய் என்று சொல்வதில்லை. மாத்திரை உடனே வேலை செய்யாது. சில வாரம் பிடிக்கும். அதற்குள் பலன் இல்லை என்று நிறுத்தக் கூடாது. தனியாக விடக் கூடாது. அடுத்த முறை மகன் கட்டாயம் வர வேண்டும். கண்டக்டர் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போக வேண்டும், மாத்திரை மட்டும் போதாது. கடைசியாக டிரைவரைப் பார்த்து, "நீங்க பிரஷர் மாத்திரையை ஒழுங்கா போடுங்க, அந்தக் கைப்பிடியை இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார்.

மகனிடம் டிரைவர் வாதம் எதுவும் செய்யவில்லை. கண்டக்டர் படுக்கும்போது நினைக்கிற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே சொன்னார். மகன் கழற்றிப் போட்ட டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். கையில் கரி இருப்பதை மறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த முறை அவன்தான் கூட்டிக்கொண்டு போனான்.

டிரைவர் டிப்போவுக்குப் போய், பழைய சாமான் குவியலில் தேடி, ஒரு டிரைவர் சீட்டைக் கண்டுபிடித்துத் தூக்கிவந்தார். ஒரு பக்கம் ஸ்பிரிங் செத்துப்போன சீட். அதை வாசலில், பஸ் சீட்டுக்கு முன்னால், தெருவைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தார். பின் சீட்டில் கண்டக்டர். மனைவி வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒரு ஸ்டியரிங்கும் வாங்கிட்டு வந்துடுங்க. அப்பத்தான் இது பஸ்ஸுன்னு நானும் முழுசா நம்புவேன்."

தெரு சிரித்தது. டிரைவர் தினமும் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சில நாள் பின்னாலிருந்து இரண்டு வாக்கியம் வரும். பல நாள் ஒன்றும் வராது. முதல் சில வாரங்களில் மாத்திரையால் வந்த ஒரே பலன் வாய் வறண்டதும் பகலில் தூங்கியதும்தான். டிரைவர் மனதுக்குள் டாக்டரைத் திட்டினார்; நர்ஸைத் திட்டினார்; கழுத்து வலித்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஒருமுறை கண்டக்டர் மாத்திரை வேண்டாம் என்று தட்டிவிட்டார். மருமகள் குனிந்து பொறுக்கி, கழுவி, மறுபடி நீட்டினாள். "உப்பு ஜாஸ்தின்னு நீங்க சொல்லாம எனக்குச் சமைக்கவே மறந்து போச்சு மாமா" என்றாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் தட்டில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. அதற்கு மறுநாள் மறுபடி பாதி.

ஹெட்மாஸ்டர் ஒரு காலையில் வந்தார். இரண்டு சீட்டையும் பார்த்துக் குழம்பி, எதிர் என்பது எந்தப் பக்கம் என்று தெரியாமல், கடைசியில் டிரைவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடினார். டிரைவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், தினமும் எங்க வாசல்லயே வந்து கண்ணை மூடறீங்களே, உங்க வீட்டுல கட்டில் இல்லயா?"

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. ஆயுசு பூரா படித்ததில் பார்க்கக் கிடைத்த ஒரே ஞானியும் கைவிட்டுப் போனார். "பெரிய உயரத்துல இருந்து விழுந்துட்டார்" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனார். மோட்டார்க் குடும்பங்கள் அந்த வாரமே பழைய சண்டையைத் தொடங்கின.

டிரைவர் அவசரப்பட்டு மகிழவில்லை. மறுநாளே கண்டக்டர் மறுபடி சுவருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் திரும்பவில்லை. இந்த நோய் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும், வருகிற நாட்கள் மெல்லக் கூடும்.

ஒரு நாள் பிற்பகலில் தூறல் போட்டது. தகரக் கூரை முனையிலிருந்து தண்ணீர் வரிசையாக விழுந்தது. உள்ளே போகலாமா என்று டிரைவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் சீட் கிறீச்சிட்டது. கண்டக்டர் எழுந்து வந்து டிரைவர் சீட்டின் பின்முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் டிரைவரே."

"ம்."

"அன்னைக்கும் இப்படித்தான் தூறிக்கிட்டு இருந்துச்சு."

"என்னைக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் விசில் குடுக்கல."

டிரைவர் தெருவையே பார்த்தார். தெருவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தார்.

"நீதான் ஒத்துக்கிட்டியே. நான்தான் குடுத்திருப்பேன்னு சொன்ன."

"உடம்பு சரியில்லாதவன் சொன்னதெல்லாம் செல்லாது."

"செல்லும்."

"எப்படிய்யா செல்லும்? காய்ச்சல்ல ஒருத்தன் உளறினா அதைப் புடிச்சு வெச்சுக்குவியா நீ? நீயெல்லாம் ஒரு மனுஷன்?"

"ரெண்டு விசில். இந்தக் காதால கேட்டேன்."

"அந்தக் காதை வெச்சுக்கிட்டு உன்னை வண்டி ஓட்ட விட்டானுங்க பாரு, அவனுங்களைச் சொல்லணும். குப்பை லாரியில வந்தேன்யா நான்! குப்பை லாரியில!"

உள்ளேயிருந்து டிரைவரின் மனைவி, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் மருமகளின் முகம் வந்து நின்றது. டிரைவருக்குக் கண் கலங்கி, ஆபரேஷன் செய்த கண்ணில் தெரு இரண்டாகத் தெரிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினால் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

"உள்ள போய்ச் சுவத்தைப் பாரு" என்றார் பின்னால் நின்றவர். "எத்தனை ஆணி அடிச்சிருக்க! என் பக்கம் பூரா காரை உதிர்ந்து கெடக்கு. அதுக்கு யாரு பதில் சொல்றது? நாளைக்குப் பேசிக்கறேன் உன்னை."

"நாளைக்கு வா" என்றார் டிரைவர்.